பாரிமுனையில் ஒரு சுருள் வேட்டை!

சென்னையில் எந்தச் சாமானுக்கும் ஒரு தெரு உண்டு. கல்யாணப் பத்திரிகையா, ஆண்டர்சன் தெரு. மொத்த விலையில் துணியா, கோடவுன் தெரு. நகை என்றால் என்.எஸ்.சி. போஸ் ரோடு. கம்ப்யூட்டர் உதிரி பாகம் என்றால் ரிச்சி தெரு. தெரு தெரிந்துவிட்டால் பாதி விலை மிச்சம் என்பது பாரிமுனைப் பொருளாதாரம். ஆனால் ஒயர் இல்லாமல், பாட்டரியில் சூடாகித் தலைமுடியைச் சுருட்டிவிடுகிற 'கார்ட்லெஸ் கர்லர்' எந்தத் தெருவில் கிடைக்கும்? அது அலங்காரச் சாமானா, எலெக்ட்ரானிக்ஸா, பாரின் சாமானா? மூன்றும்தான். ஆகவே மூன்று தெரு ஏறி இறங்க வேண்டியதாயிற்று.

ஏறி இறங்கியது நானும் என் அக்கா பெண்ணும். என் தலையில் சுருட்டுவதற்கு எதுவும் பாக்கி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன கடையில் எல்லாம் என் தலையைப் பார்த்தார்கள், கையிலிருந்த கர்லரைப் பார்த்தார்கள், அப்புறம் நாகரிகமாக வேறு எங்கோ பார்த்தார்கள். பை தூக்கவும் பேரம் பேசவும்தான் எனக்கு அழைப்பு.

அவள் பியூட்டீஷியன் கோர்ஸ் முடித்தவள். தாம்பரத்தில் வீட்டு முன்னறையில் புருவம் திருத்திக்கொண்டிருந்தவளுக்கு முதல்முறையாக ஒரு முழுக் கல்யாண ஆர்டர். மதுராந்தகம் தாண்டி ஒரு கிராமம். சாயந்திரம் மண்டபத்தில் ரிசப்ஷன், மறுநாள் விடிகாலை கோயிலில் முகூர்த்தம். அட்வான்ஸ் ஐயாயிரம். அதில் மூவாயிரம் மை, மாவு, பின்னு என்று கரைந்துபோக, கையில் மிச்சம் இரண்டாயிரம். இது நல்லபடியாக முடிந்தால், அதே குடும்பத்தில் தை மாதம் இன்னும் இரண்டு கல்யாணம் இருக்கிறது. சொதப்பினால் மறுபடி புருவம்தான்.

"ஒயரோட இருக்கிறது எட்டு நூறு, ஒன்பது நூறுக்குக் கிடைக்குமே, எதுக்கும்மா பாட்டரி?" என்று ரயிலிலேயே கேட்டேன்.

"மாமா, நீங்க மணப்பெண் ரூமைப் பார்த்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. உள்ளே விடமாட்டார்கள். அவள் சொன்னாள். மண்டபத்து மணப்பெண் அறையில் பிளக் பாயிண்ட் ஒன்றே ஒன்று இருக்குமாம். அதுவும் கதவுக்குப் பின்னால், ஆள் உயரத்தில், லொடலொடவென்று. அதில் ஏற்கெனவே ஏழு செல்போன்கள் தொங்கிக்கொண்டிருக்கும். ஒன்றைப் பிடுங்கினால் மாப்பிள்ளையின் சித்தப்பாவுடையதாக இருக்கும். கண்ணாடியோ எதிர்ச் சுவரில். மணப்பெண்ணைக் கதவுக்குப் பின்னால் நிறுத்தி வைத்துத்தான் அலங்காரம் செய்ய வேண்டும். கோயிலில் அந்த ஒரு பிளக்கும் கிடையாது.

நியாயமான காரணம்தான். பீச் ஸ்டேஷனில் இறங்கினோம்.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் ராஜாஜி சாலை. நடைபாதையை ஒட்டிப் பெட்டி பெட்டியாகக் கடைகள். இதுதான் பர்மா பஜார். 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து கடை கண்ணிகளை எல்லாம் அரசாங்கமே எடுத்துக்கொண்டபோது, கட்டிய துணியோடு கப்பலேறி வந்த தமிழர்களுக்குப் பிழைப்புக்காக 1969-ல் உருவான பஜார். 'பாரின் சென்ட்', 'பாரின் டேப் ரிக்கார்டர்' என்று ஊரே இங்கே படையெடுத்த காலம் ஒன்று உண்டு. 1991-க்குப் பிறகு இறக்குமதிக் கதவு திறந்ததும் பாரின் மவுசு குறைந்தது. இப்போது செல்போன் உறை, ஹெட்போன், டிரிம்மர், ரிமோட் கார். எல்லாவற்றிலும் ஒரே ஊர் மணம். சீனா!

நாங்கள் நின்ற கடையின் பாய்க்கு எழுபது வயதிருக்கும். கர்லர் என்று கேட்டதும் ரோஜா நிறத்தில், பிளாஸ்க் மாதிரி ஒன்றை எடுத்து வைத்தார். நடுவில் ஒரு வாய். அதில் முடியைக் கொடுத்தால் உள்ளே இருக்கும் உருளை தானாகச் சுற்றி, சூடாக்கி, சில விநாடி கழித்துச் சுருளாக விட்டுவிடும். 150 முதல் 200 டிகிரி வரை சூடு வைக்கலாம், 5000 எம்.ஏ.ஹெச். பாட்டரி என்று அட்டை சொன்னது.

"ரெண்டாயிரத்து இருநூறு. உங்களுக்குன்னா ஆயிரத்து நானூறு" என்றார். நாங்கள் வாயே திறக்கவில்லை. எங்கள் முகம் அப்படிப் பேரம் பேசியிருக்கிறது.

"கேரண்டி, பாய்?"

"செக்கிங் கேரண்டி. இங்கேயே ஓட்டிப் பார்த்துக்க பாப்பா. ரோட்டைத் தாண்டிட்டா அது உன் பிள்ளை."

ஓட்டிப் பார்த்தாள். தன் காதோரத்து முடியைக் கொடுத்தாள். கிர்ர்ரென்று உறிஞ்சிக்கொண்டது. ஒரு 'பீப்'. அழகான ஒரு சுருள் கீழே விழுந்தது. நானே மயங்கிவிட்டேன். அவள் மயங்கவில்லை. "கல்யாணப் பொண்ணுக்கு முடி இடுப்புக்குக் கீழே, பாய். இந்த வாய்க்குள்ள அவ்வளவு நீளம் சுத்துமா?" என்றாள்.

பாய் ஒரு கணம் யோசித்தார். "தோள் வரைக்கும்னா ஜோரா சுத்தும். இடுப்பு வரைக்கும்னா கொஞ்சம் கொஞ்சமா மெலிசாக் கொடுக்கணும். அடர்த்தியாக் கொடுத்தா மாட்டிக்கும். மாட்டிக்கிட்டா நீ கத்திரிக்கோல் தேடணும்" என்றார். வியாபாரம் போனாலும் போகட்டும் என்று உண்மை பேசிய அந்த மனிதருக்காக ஒரு டிரிம்மராவது வாங்கியிருக்கலாம். எனக்கு அதற்கும் வேலை இல்லை.

பாய் விடுவதாயில்லை. ஒயர் இல்லாத கர்லர் ஒன்றும் புதுசில்லையாம். 1980-களிலேயே காஸ் அடைத்த கர்லர் வந்ததாம். கைப்பிடிக்குள் சின்னதாக ஒரு பியூட்டேன் குப்பி. உள்ளுக்குள் ஜுவாலை இல்லாமல் எரிந்து உருளையைச் சூடாக்கும். "கர்லர் வந்துச்சு, குப்பி வரல. எத்தனை நாளைக்கு வெறும் கைப்பிடியை விக்கிறது?" என்று சிரித்தார்.

அதற்கும் முன்னால் கதை இருக்கிறது. 1872 வாக்கில் பாரிஸில் மார்செல் கிராட்டோ என்ற சிகை அலங்காரக்காரர் இடுக்கி ஒன்றை நெருப்பில் காட்டிச் சுடவைத்து, முடியில் அலை அலையாகப் படியவைத்துப் பணக்காரரானார். அந்த இடுக்கிக்குச் சூட்டளவு காட்டும் டிஸ்ப்ளே ஏது? ஒரு காகிதத்தைக் கவ்வவைத்துப் பார்ப்பார்கள். காகிதம் பழுப்பேறினால் சூடு அதிகம், கொஞ்சம் ஆறவிடு. இன்றைக்கும் கடை கவுண்டரில் செலவில்லாமல் செய்யக்கூடிய சோதனை இது.

பஜாரிலிருந்து என்.எஸ்.சி. போஸ் ரோட்டைப் பிடித்து நடந்தோம். கடற்காற்று பின்னாலிருந்து தள்ளியது. ஐகோர்ட்டைத் தாண்டும்போது, "மாமா, இங்க பாருங்க" என்றாள். பாய் கடையில் விழுந்த சுருள், பாதி தூக்கத்தில் இருக்கும் பாம்பு மாதிரி நீண்டு கிடந்தது. இருபது நிமிஷம்கூட ஆகவில்லை.

கோர்ஸில் சொல்லிக் கொடுத்ததை நடந்துகொண்டே சொன்னாள். முடிக்குள் இருப்பது கெராட்டின் என்கிற புரதம். அதன் இழைகளைச் சின்னச் சின்ன ஹைட்ரஜன் பிணைப்புகள் கட்டிப்போட்டிருக்கின்றன. சூடு பட்டால் கட்டு அவிழும், ஆறும்போது புது வடிவத்தில் மறுபடி கட்டிக்கொள்ளும். ஆகவே சுருட்டுவதைவிட முக்கியம், சுருளை ஆறவிடுவது. சூட்டோடு கையால் அளைந்தால் போச்சு. உள்ளங்கையில் ஏந்தி, ஒரு கிளிப் போட்டு, முழுக்க ஆறிய பிறகுதான் விட வேண்டும். அந்தக் கட்டை அவிழ்க்கச் சூடுதான் வேண்டும் என்பதில்லை, தண்ணீரும் அவிழ்க்கும். சென்னைக் காற்றில் தண்ணீருக்கா பஞ்சம்? கடலோரத்தில் சுருள் விற்பது, ஐஸ்கிரீமை வெயிலில் விற்பது மாதிரிதான்.

ஈரத் தலையில் கர்லர் வைக்கவே கூடாதாம். முடிக்குள்ளிருக்கும் தண்ணீர் கொதித்து, முடியே உள்ளுக்குள் கொப்புளித்துப் போகும். எண்ணெய்த் தலைக்கும் தடா. கல்யாணப் பெண்ணோ நலங்கு வைத்து, எண்ணெய் தேய்த்து, தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து உட்காருவாள்! அதை உலர்த்துகிற டிரையர் ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும். பாட்டரியில் அது நடக்கிற காரியமில்லை. எப்படியும் பிளக் தேடித்தான் ஆக வேண்டும்.

"அப்ப பாட்டரி கர்லர் எதுக்குன்னே புரியலையே?" என்றேன்.

"அதைத்தான் மாமா நானும் யோசிச்சிக்கிட்டு வர்றேன்" என்றாள்.

யோசிப்பதற்கு வயிற்றில் ஏதாவது வேண்டும். செகண்ட் லைன் பீச் பக்கம் திரும்பி வந்து, பர்மாவோடு கப்பலேறி வந்த அத்தோ சாப்பிட்டோம். மஞ்சள் நூடுல்ஸைக் கையாலேயே பிசைந்து, கோஸ், வறுத்த வெங்காயம், புளித் தண்ணீர், மிளகாய்த் தூள் போட்டுத் தருகிறார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். அவித்த முட்டையைப் பிளந்து உள்ளே வெங்காயம் திணித்து ஒரு முட்டை மசாலா. கண்ணில் தண்ணீர் வந்ததும் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது.

செளகார்பேட்டை நாராயண முதலி தெருவைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அங்கே நடக்க முடியாது, நகர மட்டுமே முடியும். கவரிங் நகை, பொம்மை, பேன்ஸி சாமான் என்று மொத்த வியாபாரம். ஒரு கடையில் 25 மில்லிமீட்டர் உருளை வைத்த ஒயர் கர்லர் 900 சொல்லி 800-க்கு வந்தார்கள். கம்பெனிப் பெயர், ஒரு வருஷ வாரன்டி அட்டை எல்லாம் இருந்தது. உருளையின் குறுக்களவுதான் சுருளின் அளவு. 19 என்றால் ஸ்பிரிங் மாதிரி இறுக்கமாக வரும். 32 என்றால் அலை மாதிரி தளர்வாக வரும். நீள முடி தன் கனத்திலேயே சுருளை இழுத்துத் தளர்த்திவிடும் என்பதால் 25 சரி என்றாள். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டோம். பாக்கி 1,200.

ஐகோர்ட் ஸ்டேஷனில் மெட்ரோ ஏறினால் இரண்டாவது ஸ்டாப் கவர்ன்மென்ட் எஸ்டேட். மேலே வந்து மவுண்ட் ரோட்டைத் தாண்டினால் ரிச்சி தெரு. பர்மா பஜாரில் 'நல்லா இருக்கும் சார்' என்று சொல்வார்கள். ரிச்சி தெருவில் 'எத்தனை வாட் சார்?' என்று கேட்பார்கள். வாலர்ஸ் ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில், பவர் பேங்க், டிரிம்மர், கர்லர் எல்லாம் கலந்து விற்கிற கடை. பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். கவுண்டரில் இரண்டு கார்ட்லெஸ் கர்லர்களை வைத்தான். இரண்டுமே வாய் வைத்ததில்லை. உருளை வெளியே தெரிகிற நேரான கோல். ஒன்று தங்க நிறம், 10,000 எம்.ஏ.ஹெச்., விலை 1,300. இன்னொன்று கறுப்பு, அழகில்லை. '7.4 வோல்ட், 2600 எம்.ஏ.ஹெச்.' என்று மட்டும் பொடி எழுத்தில். விலை 1,150.

"பத்தாயிரம் எங்கே, ரெண்டாயிரத்து அறுநூறு எங்கே! தங்கத்தையே எடுத்துடு" என்றேன்.

பையன் என் தலையைப் பார்த்தான். பேசாமல் ஒரு பத்தாயிரம் எம்.ஏ.ஹெச். பவர் பேங்கை என் ஒரு கையிலும் தங்கக் கர்லரை இன்னொரு கையிலும் வைத்தான்.

"எது சார் கனம்?"

பவர் பேங்க்.

"பவர் பேங்க் ஏறக்குறைய இருநூறு கிராம். அதுல பெரும்பாலும் பாட்டரிதான். கர்லர்ல பாட்டரி, உருளை, ஹீட்டர், மோல்டிங் எல்லாம் சேர்ந்தும் அந்தக் கனம் இல்லை. அப்ப உள்ளே பத்தாயிரம் எங்கேயிருந்து வரும்?" விரல் பருமனுக்குச் சற்றே பெரிய செல் ஒன்றை எடுத்துக் காட்டினான். 18650 என்று பெயராம். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். நல்ல கம்பெனி செல்லே 3,500 எம்.ஏ.ஹெச். பக்கம்தான் நிற்கும். ஒரே செல்லின் மேல் 9,900 என்று அச்சடித்து வருவதும் உண்டு. "அச்சடிக்கிறதுக்கு ஏது சார் லிமிட்?"

பிறகு பேப்பரும் பேனாவும் எடுத்தான். ஒப்பிட வேண்டியது எம்.ஏ.ஹெச்.சை மட்டும் இல்லை. அதை வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். வருவது வாட் அவர். பர்மா பஜார் ரோஜா நிறத்துக்கு 5000-ஐ 3.7-ஆல் பெருக்கினால் 18.5. இந்தக் கறுப்புக்கு 2600-ஐ 7.4-ஆல் பெருக்கினால் 19.2. அதாவது பாதி நம்பர் போட்ட கறுப்புதான் ஒரு துளி பெரிசு!

"பத்தொன்பது வாட் அவர்னா, பத்தொன்பது வாட் ஒரு மணி நேரத்துக்கு. சோல்டரிங் அயர்னே இருபத்தஞ்சு வாட். முடியைச் சுத்தச் சுத்த உருளை ஆறும், மறுபடி சூடாகணும். முப்பது வாட்டாவது குடிக்கும். அப்ப எவ்வளவு நேரம் வரும்?"

"நாற்பது நிமிஷத்துக்குக் கீழே" என்றாள் என் அக்கா பெண். விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். இடுப்பு நீள முடிக்கு ஐம்பது கற்றை. பிரித்து, சுற்றி, பத்து விநாடி பிடித்து, கிளிப் போட, கற்றைக்கு நாற்பது விநாடி. மொத்தம் முப்பத்து மூன்று நிமிஷம். பாட்டரி புதுசாக இருக்கும்போதே மூச்சு வாங்கும். ஐம்பது கல்யாணம் பார்த்த பாட்டரி என்றால், பாதித் தலையில் படுத்துவிடும்.

"பவர் பேங்கில் சொருகிக்கிட்டே ஓட்டினா?" என்று நான் விடாமல் கேட்டேன்.

"உள்ளே போறது பத்து வாட், வெளியே போறது முப்பது வாட். தொட்டி நிறையுமா சார்?" சும்மா வைத்து முழு சார்ஜ் ஏற்றவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகுமாம்.

பக்கத்துக் கடையிலிருந்து மல்டிமீட்டரும், அதில் சொருகுகிற சூடு பார்க்கும் ஒயரும் வந்தன. இரண்டு கர்லர்களையும் 200 டிகிரியில் வைத்தோம். ஒயரின் நுனியை உருளையில் அழுத்தியதும் கறுப்பு 188 காட்டியது. தங்கத்தின் டிஸ்ப்ளேயில் 200, மீட்டரில் 156. ஈரத் துணியை ஒரு தரம் சுற்றி எடுத்ததும், கறுப்பு அரை நிமிஷத்தில் பழைய சூட்டுக்கு வந்துவிட்டது. தங்கம் மேலே ஏற மனசில்லாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. டிஸ்ப்ளே மட்டும் கடைசி வரை 200-தான்! பையன் அதைத் தன் ஷெல்ஃபில் திருப்பி வைத்தான், இன்னொருவருக்காக.

கறுப்பின் அட்டையில் பாட்டரிக்கான ஐ.எஸ். 16046 முத்திரை இருக்கிறதா என்று பார்த்தோம். இருந்தது. மூடி வைக்க உறை, பைக்குள் தெரியாமல் 'ஆன்' ஆகிவிடாமல் ஒரு பூட்டு பட்டன், தானாக அணைகிற வசதி. லித்தியம் பாட்டரியும் சூட்டுக் கம்பியும் ஒரே கைப்பிடிக்குள் குடித்தனம் நடத்துகிற சாமானில் இந்த மூன்றும் அலங்காரம் இல்லை.

"இன்னும் ஒண்ணு சார், பிளைட்ல போறப்போ இதைப் பெட்டியில போட்டு அனுப்பாதீங்க. கையோட கொண்டு போகணும். சில நாட்டுல அதுக்கும் விடமாட்டாங்க" என்றான் பையன்.

மதுராந்தகத்துக்கு இன்னும் பிளைட் விடவில்லை என்று சொன்னேன்.

அவள் கறுப்பைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். பையில் ஏற்கெனவே ஒயர் கர்லர் இருக்கிறது. ஐம்பது, அறுபது வாட்தான் அது. அஞ்சு மீட்டர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று வீட்டிலிருந்து கொண்டு போனால், சித்தப்பாவின் செல்போனையும் பெட்டியிலேயே சொருகி, கண்ணாடி முன்னாலேயே உட்காரவைத்து மொத்தத் தலையையும் முடித்துவிடலாம். அப்படியிருக்க, இந்த ஆயிரத்து நூற்றைம்பது ரூபாய் தேவையா?

"கோயிலுக்கு மாமா" என்றாள் திடீரென்று. "ரிசப்ஷனுக்குத்தான் தலை முழுக்கச் சுருள். முகூர்த்தத்துக்குப் பூ ஜடை. முகத்தோரம் ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு சுருள்தான் வெளியே தெரியும். வீட்டிலேர்ந்து கோயிலுக்கு வர்றதுக்குள்ள அது தொங்கிப் போயிடும். அங்கே பிளக் கிடையாது. நாலு சுருளுக்கு இது போதும்." ஆயிரத்து நூறுக்கு முடித்தாள். பாக்கி நூறு ரூபாயில் கிளிப்.

கல்யாணம் வைகாசியில் நடந்தது. ரிசப்ஷனுக்கு நானும் போயிருந்தேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பார்த்ததும் மணப்பெண் அறையில் ஏழு செல்போன்கள் பதினொன்றாகப் பெருகினவாம். ஆனாலும் எட்டரை மணிக்கு மேடை ஏறிய பெண்ணின் சுருள், பத்தரை மணிக்குப் பந்தியில் பாயசம் வரும் வரை நின்றது. அங்கே கடல் கிடையாது, அதுவும் ஒரு காரணம்.

விடிகாலை நாலே முக்காலுக்குக் கோயில் வாசலில் வேன் நின்றது. ஏரிக் காற்று. முகத்தோரச் சுருள் நாலும் நூலாகத் தொங்கின. பெண்ணின் அம்மா பதறிப்போய், "என்னம்மா இது!" என்றார். கொடிமரத்துக்குப் பக்கத்தில் பெண்ணை நிற்கவைத்து, பையிலிருந்து கறுப்பை எடுத்தாள் என் அக்கா பெண். உருளை சூடேறும் வரை நாதஸ்வரக்காரர்கூட சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நிமிஷத்தில் நாலு சுருள், நாலு கிளிப். ஆறிய பிறகு ஒவ்வொன்றாக விடுவித்தாள்.

அப்போதுதான் மாப்பிள்ளையின் அத்தை ஒருவர் வந்து, "எனக்கும் ரெண்டு சுருள் போட்டு விடும்மா" என்று நின்றார். அவர் பின்னால் சித்தி. சித்தி பின்னால் ஒரு பெரியம்மா. கெட்டிமேளம் கொட்டியபோது பெரியம்மாவுக்கு ஒரு பக்கம்தான் முடிந்திருந்தது. பாட்டரி லைட் சிவப்பாகச் சிமிட்டியது. அட்சதையை அவர் அந்தப் பக்கமாகவே திரும்பி நின்று போட்டார். வீடியோவில் நன்றாக வந்திருக்கிறதாம். தை மாதக் கல்யாணத்துக்கு அட்வான்ஸ் கொடுக்க வந்தபோது, "அன்னைக்கு விட்டுப்போன இன்னொரு பக்கமும் கணக்குல இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.